செயற்கை மரம் பொய் சொல்லுகிறதா?

திருவருகைக் காலம் தொடங்கியதும் நம் இல்லங்கள் பலவற்றில் குடிலுக்கு அருகே கிறிஸ்துமஸ் மரமும் எழுந்துவிடுகிறது. அது பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆன மரமே. வாழ்வின் ஊற்றானவரின் பிறப்பை உயிரற்ற போலி மரத்தை வைத்துக் கொண்டாடுவது தகுமா என்று சிலர் வினவுகின்றனர். நகைத்துத் தள்ளிவிடக்கூடிய வினாவன்று இது. ஆலயத்தில் பயன்படும் பொருள்கள் மெய்ம்மையுடையனவாக இருக்கவேண்டுமென உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை கேட்டுக்கொள்கிறது. இல்லத்து மரம் வழிபாட்டுப் பொருளன்று. ஆயினும் ஆலயத்திற்கு ஒரு நீதி, இல்லத்திற்கு ஒரு நீதி என்று கூறி நாம் தப்பிவிட முடியாது.

பொய் என்பதுதான் யாது? சொல்லால் மட்டுமன்றிச் செயலாலும் பொய்யுரைக்கலாம் என்கிறார் புனித தாமஸ் அக்குவினாஸ். உள்ளத்தில் இல்லாததை இருப்பதாகக் காட்டும் செயல் வெளிவேடமாகும். ஆனால் அதே இடத்தில் அவர் புனித அகுஸ்தீனாரின் கருத்தொன்றையும் நினைவூட்டுகிறார்: பாவனை யாவும் பொய்யாகிவிடாது, ஓர் உண்மையைச் சுட்டும் பாவனை அந்த உண்மையின் உருவகமே. எம்மாவு சென்ற சீடரிடம் ஆண்டவர் இன்னும் அப்பால் செல்பவர்போலக் காட்டிக்கொண்டதைக் குறித்தே அகுஸ்தீனார் இவ்வாறு விளக்கினார்.

இந்த அளவுகோலை மரத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். இடைக்கால ஐரோப்பாவில் டிசம்பர் 24 ஆதாம் ஏவாளின் நாளாகக் கருதப்பட்டது. அந்நாளில் நடந்த நாடகங்களில், ஆப்பிள் தொங்கவிடப்பட்ட ஊசியிலை மரம் ஏதேன் தோட்டத்து மரமாக நின்றது. ஏதேனில் ஊசியிலை மரம் இருந்ததாக எவரும் எண்ணவில்லை. கடுங்குளிரில் கிடைத்த பச்சை அதுவே. ஆக, உயிருள்ள அந்த மரமும் வேறொரு மரத்திற்குப் பதிலாகவே நின்றது! ஏதேனின் மரத்தையும் சிலுவை மரத்தையும் கிறிஸ்துமஸ் மரம் நினைவூட்டுவதாக 2001-இல் வத்திக்கான் வெளியிட்ட பக்தி முயற்சிகள் பற்றிய வழிகாட்டியும் கூறுகிறது.

செயற்கை மரமும் நேற்று வந்ததன்று. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில், காட்டிலுள்ள இளமரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு கவலையுற்றோர், வாத்து இறகுகளுக்குப் பச்சைச் சாயமேற்றிக் கம்பிகளில் சுற்றி மரம் செய்தனர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மானிடோவாக் நகரில் 1959 முதல் அலுமினிய மரங்கள் பெருமளவில் உருவாயின. உலோகத்தில் மின்விளக்குச் சரம் சுற்றுவது ஆபத்து என்பதால், தரையில் சுழலும் வண்ண விளக்கொன்று அவற்றின்மேல் ஒளி வீசியது. வெள்ளித்தாள்போல் மின்னும் அம்மரம் நம் கண்ணுக்கு அழகாகப் படவில்லை. எனினும் எவரையும் அது ஏமாற்ற முயன்றதில்லை!

இன்றைய மரமோ உண்மைக் கிளையை அச்செடுத்து வார்த்த பாலித்தீன் இலைகளோடு வருகிறது, மலிவானதில் பி.வி.சி. தாளை நறுக்கிய இலைகள். கண்ணை ஏமாற்றுவதே இங்கு நோக்கம். ஆயினும் வீட்டாரும் ஏமாறுவதில்லை, விருந்தினரும் ஏமாறுவதில்லை. பொய் வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது. "இதை வாங்கினால் ஒரு மரத்தைக் காக்கிறோம்" என்கிறோமே, அதைத்தான் சோதிக்கவேண்டும். மேலைநாடுகளில் கிறிஸ்துமஸ் மரம் பெரும்பாலும் தோட்டங்களில் பயிராக வளர்க்கப்பட்டு, வெட்டிய இடத்தில் மீண்டும் நடப்படுகிறது. பிளாஸ்டிக் மரமோ பெட்ரோலியத்தில் பிறந்து, பெரும்பாலும் சீனாவிலிருந்து கப்பலேறி வந்து, மட்காமல் கிடக்கிறது. ஆண்டுதோறும் உண்மை மரம் வாங்குவதைவிட அது சுற்றுச்சூழலுக்கு நன்மையாக வேண்டுமாயின் ஏறத்தாழ 20 ஆண்டுகள் பயன்பட வேண்டும் என்று கனடாவின் மொன்றியால் நகரில் 2009-இல் செய்யப்பட்ட ஆய்வு கணக்கிட்டது. இதைவிடக் குறைந்த ஆண்டுகள் கூறும் ஆய்வுகளும் உண்டு. எப்படியாயினும், வாங்கும் நாளில் அந்தக் கூற்று இன்னும் உண்மையாகவில்லை. வைத்திருப்பவர் ஆண்டுக்காண்டு அதை உண்மையாக்க வேண்டியிருக்கிறது. மூன்றாம் ஆண்டே சலித்து, புதுப்பாணி மரம் தேடுவோர் கையில் அது பொய்யாகிறது.

எனவே வாங்குவோர் பார்க்கவேண்டியவை பளபளப்பும் உயரமும் அல்ல. கிளைகளை மடக்கும் கீல் உறுதியாக உள்ளதா, அடித்தாங்கி ஆடாமல் நிற்கிறதா என்பவையே முக்கியம். பழைய பி.வி.சி. மரங்கள் சிலவற்றில் ஈயம் கலந்திருந்தது. ஆகவே பொடிந்து உதிரும் பழைய மரத்தைக் குழந்தைகள் அருகே வைக்கலாகாது. இதற்கு மட்டும் நீண்டகாலப் பற்றுறுதி பொருந்தாது.

நம் முன்னோர் சவுக்குக் கிளையை மண் நிரப்பிய வாளியில் நட்டனர். சவுக்கும் பைன் இனத்தைச் சேர்ந்ததன்று; தோற்றத்தில் ஒத்திருந்தது, அவ்வளவே. விழா முடிந்தபின் காய்ந்த கிளை அடுப்புக்குப் போயிற்று. நம் மனம் இன்னும் அந்தக் கிளையின் பக்கமே சாய்கிறது என்பதை மறைப்பானேன்?

ஆனால் பிளாஸ்டிக் மரம் ஏற்கெனவே வீட்டில் இருக்குமாயின் அதை எறிந்துவிட்டுச் சவுக்குத் தேடிப் போவதும் முறையன்று. பன்னிரண்டாம் ஆண்டாகப் பெட்டியிலிருந்து வெளிவரும் மரத்தின் வளைந்த பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்துவிட்டு, அடுத்த வீட்டாரின் ஏழடி மரத்தின்முன் கூசி நிற்கும் குடும்பங்களை நாம் அறிவோம். கூசுவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு கிறிஸ்து பிறப்புக் காலம் நிறைவுறும்போது, கிளைகளை மடக்கிப் பழைய துணியில் சுற்றி, ஈரமும் எலியும் அண்டாத பரணில் வைத்தால், பதின்மூன்றாம் ஆண்டும் அதே மரம் குடிலருகே நிற்கும்.