சுவரில் நிற்கும் விகாரம்



சென்ற வைகாசிப் பௌர்ணமியை ஒட்டி, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில் அன்பர் ஒருவர் புதுமனை புகுந்தார். தம்மம் குறித்துச் சில வார்த்தைகள் சொல்லவேண்டுமென அவர் அழைக்க, நாமும் சென்றிருந்தோம். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. ஆகவே அங்கே அண்ணன் ஒரு மாநிலத்திலும் தம்பி மற்றொரு மாநிலத்திலும் குடியிருப்பது புதுமையன்று. இந்தக் குடும்பமும் அத்தகையதே. அண்ணனார் களியிக்காவிளைப் பக்கம் இருக்கிறார். விழாவுக்கு அவர் வரவில்லை. காரணத்தை நாம் கேட்கவுமில்லை.

கூடத்துச் சுவரில் கறுப்புச் சட்டமிட்ட மூன்று படங்கள் தொங்கின. யாவும் பழைய படங்களின் அச்சுப் பிரதிகள். “அழகுக்காக மாட்டினேன், இப்போது எல்லா வீட்டிலும் இப்படித்தான் மாட்டுகிறார்கள்” என்றார் அன்பர். முதற் படத்தைக் கண்டதும் நமக்குப் பேச்சு எழவில்லை. அது நாகப்பட்டினத்து விகாரத்தின் கோபுரம்.

கடாரத்தரசர் மாறவிசயோத்துங்கவர்மர் தம் தந்தை சூளாமணிவர்மர் பெயரால் நாகையில் விகாரம் எடுப்பித்தார். சைவராகிய முதலாம் இராசராசர் தமது 21ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய 1006இல், அதற்கு ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக ஈந்தார். லெய்டன் செப்பேடுகள் இதைச் சொல்லும். நாகைப் பௌத்தத்தின் எச்சமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஒரு கோபுரம் நின்றது. மூன்று நிலை, நான்கு புறமும் வாயில், சுண்ணாம்புச் சாந்தின்றி நெருக்கி அடுக்கிய செங்கல். கடலில் வருவோர்க்கு அதுவே அடையாளம். புதுவெளிக்கோபுரம் என்றும் சீனக் கோபுரம் என்றும் மக்கள் அதனை வழங்கினர். 1846ஆம் ஆண்டுச் சித்திரம் ஒன்றை சர் வால்ட்டர் எலியட் 1878இல் ‘இந்தியன் ஆன்டிக்குவரி’ இதழில் வெளியிட்டார். அதற்குள் கோபுரமே இல்லை. இயேசு சபையார் விண்ணப்பிக்க, சென்னை அரசு 1867இல் இடிக்க அனுமதி தந்துவிட்டது. இன்று நாகையில் அந்தக் கோபுரத்தைத் தேடுவோர்க்குச் சித்திரமே கதி. மண்ணில் புதைந்து கிடந்த முந்நூற்றைம்பது போன்ற செப்புத் திருமேனிகள் மட்டும் 1856 முதல் சிறிது சிறிதாக வெளிவந்தன.

இரண்டாவது படம், லின்னேயஸ் டிரைப் 1858இல் சென்னையில் எடுத்த அமராவதிச் சிற்பங்களின் புகைப்படம். தூபியின் படமன்று, கற்களின் படம். 1797இல் காலின் மெக்கன்சி சென்றபோதே, உள்ளூர் ஜமீன்தார் புதிய ஊர் கட்டத் தூபியில் கல்லும் செங்கல்லும் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கற்களிற் பலவற்றைத் தோண்டிச் சென்னைக்கு அனுப்பியவரும் இதே எலியட்தான்.

இவற்றையெல்லாம் நாம் விளக்கியபோது இளைஞர் ஒருவர் கண் சிவந்தார். “இடித்தவர்களை விடலாமா?” என்றார். அவருடைய வருத்தம் நியாயமானது. நடந்ததை ஆண்டோடும் பெயரோடும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 1867க்கு நெடுங்காலம் முன்பே அக்கோபுரத்தின் கீழ் ஒரு பிக்குவும் இல்லை. விளக்கேற்ற ஒரு கையும் இல்லை. அதற்கு யாரைச் சினப்பது? இந்த மண்ணையே பாருங்கள். அருகிலுள்ள விழிஞத்தில் ஆண்ட ஆய் மரபினர் விக்கிரமாதித்திய வரகுணர், பாலியம் செப்பேட்டின்படி, திருமூலபாதத்துப் புத்தப்பள்ளிக்கு நிலம் அளித்தார். அதை யாரும் விண்ணப்பம் எழுதி இடித்ததாக வரலாறில்லை. மறந்தோம்; அது மறைந்தது.

மூன்றாவது படத்துக்கு வருவோம். ஓட்டுக் கூரை, பலாமரத் தூண்கள், பலகை நிரை, ஓரத்தில் கிணறு. அன்பரின் பாட்டனார் கட்டிய வீடு. பாகம் பிரித்தபின் தம்பி பங்கில் வந்தது. சென்ற ஆண்டு இடிக்கப்பட்டது. நாம் இருந்த கூடம் அதன் மீதே நின்றது. தூண்களை விற்ற பணத்தில் ஒரு பகுதி இந்தச் சட்டங்களுக்கும் ஆயிற்று என்று அன்பரே தாழ்ந்த குரலில் சொன்னார். அண்ணனார் வாராமைக்குக் காரணம் நமக்கு அப்போது விளங்கிற்று.

காலிங்கபோதி ஜாதகத்தின் முன்கதை இங்கு நினைவுக்கு வருகிறது. பகவர் சாவத்தியில் இல்லாத காலத்தில், மலரோடு ஜேதவனம் வருவோர் கந்தகுடியின் வாயிலில் அவற்றை வைத்து, மனம் நிறையாமல் திரும்பினர். வணங்கத்தக்க நினைவிடங்கள் எத்தனை என்று ஆனந்தர் கேட்க, மூன்று என்றார் பகவர்: உடலின் தாது, பயன்படுத்திய பொருள், நினைந்து அமைத்த உருவம். மூன்றாவதற்கு வேறு பற்றுக்கோடில்லை, மனம் ஒன்றே அதன் நிலைக்களம் என்றும் விளக்கினார். பின்னர் மொக்கல்லானர் போதியின் கனியைக் கொணர, அநாதபிண்டிகர் அதனை வாயிலருகே நட்டார்.

சுவரிலுள்ள படம் அந்த மூன்றாம் வகையே. மனம் இருந்தால் அது சேதியம். இல்லையேல் சட்டமிட்ட தாள். நாகைக் கோபுரத்தை நாம் இனிக் கட்டப்போவதில்லை. இந்த வீட்டுத் தூண்களும் திரும்பி வாரா. அநித்தியம் என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொள்வது எளிது. இடித்தவனே அச்சொல்லைச் சொன்னால், கேட்பவர்க்கு அது தம்மமாகப் படாது, சாக்காகவே படும். இதை அன்பரின் முகத்துக்கு நேரே சொன்னோம். அவர் வருந்தினாலும் மறுக்கவில்லை.

மறுநாட் காலை மூன்றாவது படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு, எம்மையும் உடன் வருமாறு அழைத்தார். எல்லையைக் கடந்து அண்ணனார் வீட்டை அடைந்தோம். “இது உங்களிடம் இருக்கட்டும் அண்ணா” என்று நீட்டினார். அண்ணனார் நெடுநேரம் வாங்காமல் நின்றார். பிறகு வாங்கித் திண்ணையில் வைத்து, கிணற்றோரம் மங்கலாகத் தெரிந்த ஓர் உருவத்தின் மேல் விரலை வைத்தார்.

“அப்பா தண்ணீர் இறைக்கிறார், நீ கவனித்தாயா?”

தம்பி கவனித்திருக்கவில்லை. குனிந்து பார்த்தார்.

“அம்மை எப்படி இருக்கிறாள்?” என்று கேட்டுக்கொண்டே, அண்ணனார் நமக்குப் பாய் விரித்தார்.