பார்க்காமல் விடுவது

எங்களுடன் ஒக்லாந்துக் குசினியொன்றில் கோப்பை கழுவும் அண்ணர் ஒருவருக்குப் புற்றுநோய் கண்டு புரஸ்டேட் சுரப்பியை அகற்றினார்கள். ஒரு வருடமாக இரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவிடமுடியாத அளவுதான். "ஸ்கான் தேவையில்லை" என்றார் வைத்தியர். பாதிப் படிப்பு இங்கிலீசோடு மொழிபெயர்க்கப் போன எங்களிடம் அண்ணர் கேட்டார்: "வெள்ளைக்காரனெண்டால் எடுத்திருப்பாங்கள், என்ன?"

"சும்மா இருங்கோ அண்ணை" என்று அடக்கிவிட்டோம்.

வைத்தியர் சொன்னதில் நியாயம் உண்டு. சுரப்பியே போனபின் பி.எஸ்.ஏ. இரத்தத்தில் தெரியக்கூடாது. நோய் திரும்பினால், படத்தில் எதுவும் தெரியுமுன்னரே அநேகமாக அது ஏறத் தொடங்கும். மில்லிலீற்றருக்கு 0.2 நானோகிராமைத் தொட்டு, மறுபரிசோதனையிலும் உறுதியானால் அப்போது ஸ்கானுக்கு வேலை வரும். அதற்குமுன் எடுத்தால் பழைய எலும்பு முறிவொன்று நிழலாய் விழும். (எங்களில் பலருடைய எலும்புகளில் அப்படிப் பழைய கதைகள் உண்டு.) பிறகு இன்னொரு சோதனை, தூக்கமில்லாத ஒரு மாதம்.

ஆனால் அண்ணரின் சந்தேகம் இந்த நகரத்துக்குப் புதிதல்ல. இங்கிருந்த நஷனல் விமென்ஸ் வைத்தியசாலையில் பெண்கள் சிலருக்கு, அவர்கள் அறியாமலே, உரிய சிகிச்சை தராமல் வெறுமனே கவனித்து வந்ததை 1988இல் நீதிபதி சில்வியா கார்ட்ரைட்டின் அறிக்கை உறுதிப்படுத்தியது. அதன் வழியாக 1996இல் நோயாளர் உரிமைக் கோவை வந்தது. விளக்கம் கேட்கும் உரிமை அதில் இருக்கிறது.

அண்ணருக்குச் சேரவேண்டியது ஸ்கான் அல்ல, காரணம். அவருடைய கேள்வியை இடைவழியில் விழுங்கியவர்கள் நாங்கள். அடுத்த தவணைக்குப் போகும்போது அதை அப்படியே, வெள்ளைக்காரன் என்ற சொல்லோடு, வைத்தியரிடம் கேட்கப் போகிறோம்.