குழந்தையின் கேள்வியும் நமது கடமையும்

குழந்தை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாதபோது பெரியோர் செய்யத்தக்கது யாது? இது ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய விஷயமன்று. நமது சமூகத்தின் நேர்மையைப் பற்றிய விஷயம் என்பதே நமது அபிப்பிராயம்.

பினாங்கிலுள்ள பிள்ளை ஒன்று, “பன்னிரண்டு மணிக்குச் சூரியன் உச்சியில் நிற்கும் என்கிறார்களே, இங்கு அப்போது கிழக்கே சாய்ந்து நிற்பதேன்?” என்று கேட்பதாக வைத்துக் கொள்வோம். இதற்கு மூவகை விடைகள் உண்டு. “அதிகப் பிரசங்கம் செய்யாதே” என்பது முதல் வகை. “புத்தகத்தில் உள்ளதை மனனம் செய்” என்பது இரண்டாவது. “வா, பார்ப்போம்” என்பது மூன்றாவது.

முதல் வகையின் தீமையை விளக்க வேண்டுவதில்லை. இரண்டாம் வகையோ அறிவின் உடையணிந்து வருவது. ஆகவே அதனிடம் நாம் அதிக எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். 2019 டிசம்பர் 26-ந் தேதி நேர்ந்த சூரிய கிரகணம் பினாங்கில் பகுதியாகத் தென்பட்டது. இராகு விழுங்குவதாக நம்பிக் கதவடைப்போரைப் பார்த்து நாம் நகைக்கின்றோம். ஆனால் சந்திரன் சூரியனை மறைப்பது எங்ஙனம் என்று நம் பிள்ளை கேட்டால், “விஞ்ஞானம் அப்படிச் சொல்லுகிறது” என்பதோடு நின்று விடுகின்றோமல்லவா? புரோகிதர் வாக்கை நீக்கி அவ்விடத்தில் புத்தகத்தின் வாக்கை வைத்ததனால் பகுத்தறிவு வளர்ந்ததாகாது. 1929 டிசம்பரில் பினாங்குத் துறையில் வந்திறங்கிய பெரியார், யார் சொன்னதாயினும் ஆராய்ந்தே ஏற்க வேண்டுமென்று வற்புறுத்தியவர். அந்த “யார்” என்பதில் நாமும் அடக்கம்.

மூன்றாம் வகை விடைக்குப் பெரும் பொருட்செலவு வேண்டுமென்பது வீண் அச்சம். கொம்தாரில் 2016-ல் திறக்கப்பெற்ற டெக் டோம் போன்ற விஞ்ஞானக் கூடங்கள் நல்லனவே; எனினும் அவற்றுக்குச் செல்லும் வசதி எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பதில்லை. பள்ளி முற்றத்தில் ஒரு மீட்டர்க் கோலை நேரே நட்டு, நிழலின் நுனியைக் குறித்து வரட்டும். நிழல் மிகக் குறுகும் நேரம் பன்னிரண்டன்று, ஏறக்குறைய 1 மணி 20 நிமிஷம் என்பதைப் பிள்ளைகள் தாமே காண்பர். பினாங்கு இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 100 பாகையை ஒட்டி. 1982 முதல் நம் கடிகாரம் நடப்பதோ 120 பாகைக்குரிய நேரப்படி. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், இடையிலுள்ள 20 பாகைக்கு 80 நிமிஷம் என்று கணக்கும் ஒத்து வரும். ஜூன் மாதக் கடைசியில் உச்சிநேர நிழல் தெற்கே சுமார் 32 சென்டிமீட்டரும், டிசம்பர்க் கடைசியில் வடக்கே சுமார் 55 சென்டிமீட்டரும் நீளும். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாளும், செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு நாளும் அது அறவே மறையும். இதனைக் கண்ட பிள்ளையை எவர் ஏமாற்ற இயலும்?

எல்லாவற்றையும் கோல் நட்டுக் காண முடியுமா என்று சிலர் வினவலாம். முடியாதுதான். அணுவையும் விண்மீன்களின் தூரத்தையும் பிறர் சொல்லியே நாம் அறிகின்றோம். ஆயினும், அவர்கள் அதனை எவ்வாறு கண்டறிந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் நமது கடமை. 1987 முதல் தமிழகத்தில் வெளிவந்த ‘துளிர்’ போன்ற சிறுவர் விஞ்ஞான ஏடுகள் இப்பணிக்குத் துணை செய்வன.

ஆசிரியருக்குப் பரீட்சைச் சுமையும், தோட்டத்திலும் பட்டணத்திலும் உழைத்துக் களைத்து வரும் பெற்றோருக்குக் கல்விக் குறைவும் இருத்தல் கூடும். அவர்கள் யாவற்றுக்கும் விடை பகர வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. வாரம் ஒரு கேள்வியை வகுப்பு ஆராயட்டும். வீட்டில், “எனக்குத் தெரியவில்லை, நீ கண்டறிந்து வந்து எனக்கும் சொல்” என்று தாய் தந்தையர் கூறட்டும். அங்ஙனம் கூறுவது அவமானமன்று. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லிப் பிள்ளையின் வாயை அடைப்பதே அவமானம்.