தன்தொழிலும் தன்வயமும்

போடிநாயக்கனூரினின்றும் 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டின்மேல் ஏறுவார்க்கு மரநிழலில் ஏலத்தோட்டங்கள் காட்சியளிக்கும். ஆண்டுக் கணக்கெழுதியும் காயெடுத்தும் பிறரிடம் கூலி பெறுவார் பலர். அவருள் ஒருவர் அவ்வேலையை விடுத்துச் சிறிது நிலங்கொண்டு தாமே பயிரிடத் துணிவாராயின், ‘இனி எனக்கு யானே தலைவன், பொருள் பெருகின் வெற்றி, குறையின் தோல்வி’ என எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் பொருந்துமோ என்பது ஆராயற்பாலது.

ஏலச்செடி நட்டவுடன் பயன் தாராது. மூன்றாம் ஆண்டளவிலேயே காய்க்கும். மழை பொய்ப்பின் விளைவு குன்றும். பச்சைக்காய் 5 பங்கு உலர்ந்தால் ஏறக்குறைய 1 பங்கே எஞ்சும். அதனைப் போடிச் சந்தைக்குக் கொணர்ந்தால் விலை கூறுவார் பிறர். ஒரு முதலாளியை விடுத்தவர் மழை, விலை, கடன் என்னும் பல முதலாளிகளை அடைந்தவராயினார்.

இஃது என்னை? உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று என்பது சித்தாந்தத் துணிபு. பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைக் காட்டுமாறு போல, அது எக்காலத்தும் ஒன்றைச் சார்ந்தே நிற்கும். சுதந்தரம் பதி ஒருவனுக்கே உரித்து. ஆகலின், தலைவனின்றி வாழ்தல் எங்ஙனம் என்பதன்று வினா. எத்தலைவனைச் சார்ந்து தொழில் செய்வது என்பதே வினா.

நாகைக் கடற்றுறையில் மீன்பிடித்த அதிபத்த நாயனார், நாடோறும் சிறந்த மீனொன்றைச் சிவபெருமானுக்கென்று கடலில் விட்டார். ஒரு மீனே வலைப்பட்ட நாள்களிலும் அதனையே விட்டுப் பசித்திருந்தார். வாணிகக் கணக்கில் அவை தோல்வி நாள்கள். சேக்கிழார் பெருமான் போற்றியதோ அந்நாள்களையே.

பின்னாளில் திருவாவடுதுறை ஆதீனத்தால் நாவலர் எனப் பட்டம் பெற்ற ஆறுமுகனார், யாழ்ப்பாணத்து வெசுலியன் மிஷன் பாடசாலையில் ஆசிரியராயிருந்தார். 1848இல் அவ்வேலையை விடுத்து, அவ்வாண்டே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பின்னர்ச் சென்னையினின்றும் அச்சியந்திரம் கொணர்ந்தார். தமக்கெனச் செல்வம் ஈட்டினாரல்லர். சைவச் சிறார்க்குக் கல்வியும் தமிழுலகிற்குத் திருந்திய பதிப்புகளும் ஈட்டித் தந்தார். ஊழியத்தை விடுத்தது ஊழியமின்றி இருத்தற்கன்று. மேலானதோர் ஊழியத்தின்கண் நிற்றற்கே என்க.

அற்றேல், இவர் பெரியோர். மனைவி மக்களைப் புரக்கும் இல்வாழ்வானுக்கு இஃதமையுமோ எனின், அமையும். பொருள் வேண்டாமென்பது ஈண்டுக் கருத்தன்று. வருவாயும் இழப்பும் வினைவழி வருவன; அவற்றை ஊட்டுவோன் இறைவன். உழவன் கையில் உள்ளனவோ, காயெடுப்பார்க்குக் கூலி குறையாது கொடுத்தலும், நன்குலராத காயை நற்காயோடு கலவாமையும், வந்ததில் ஒரு பங்கைச் சிவனடியார்க்கும் எளியார்க்கும் ஈதலும் ஆம். இவை வழுவாதவன் இரண்டாண்டு மழை பொய்த்து, மக்கள் பசிக்கக் கண்டு, மீண்டும் தோட்டக் கணக்கெழுதப் போனானாயினும் தோற்றவனாகான். இவை வழுவியவன் மலை முழுதும் வாங்கினும் வென்றவனாகான்.

ஏறினவனும் இறங்கினவனும் அவன் பணியாளரே என்று உணர்தலே வெற்றி.

சிவம்.