நான்காவது அறிவு

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு இந்த முறை வந்த நன்கொடைகளில் பெரிய தொகை, இறால் விற்ற காசு. அனுப்பியவன் என் தங்கை மகன். தங்கையை உடப்பில் கட்டிக்கொடுத்தோம், கடலோரக் குடும்பம். மச்சானும் மகனுமாக முந்தல் களப்புப் பக்கம் ஒரு ஏக்கர் குளத்தில் இறால் வளர்க்கிறார்கள். கூலிக்கு ஆள் கிடையாது. இரவுக் காவலுக்கு மச்சான், தீனிக்கு மகன், கணக்குக்குத் தங்கை. "அன்னதானத்துக்கு வச்சுக்கங்க மாமா" என்று சொல்லித்தான் காசு போட்டிருந்தான்.

கமிட்டிக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "உசுர வித்த காசுலயா ஆத்தாவுக்குச் சோறாக்குறது?" என்று கேட்டார். தெமோதரையில் ரயில் ஒரு மலையைச் சுற்றி வந்து, தான் நின்ற ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து போகும். அன்றைய பேச்சும் அப்படியே, கிளம்பின இடத்துக்குக் கீழே வந்து நின்றது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் சைவ பாடம் படிப்பித்தவன் என்பதால் தீர்ப்பை என் தலையில் கட்டினார்கள். அனுப்பியவன் என் மருமகன் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவேளை அதற்காகத்தான் என்னிடம் விட்டார்களோ என்னவோ.

முதலில் எனக்கு நாக்கு நுனியில் வந்த பதில் முனியாண்டி. கேள்வி கேட்ட அதே பெரியவர்தான் வருடா வருடம் மேல்மலை முனியாண்டிக்குச் சேவல் அறுப்பவர். அதைச் சொன்னேன். அவர் அசரவில்லை. "அது நேர்த்தி. இது யாவாரம்" என்றார்.

இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. அங்குத்தர நிகாயத்தில் இல்லறத்தார் செய்யக் கூடாத ஐந்து வியாபாரங்களைப் புத்தர் சொல்கிறார்: ஆயுதம், உயிர்ப்பிராணி, இறைச்சி, போதை, நஞ்சு. அங்கே தடுக்கப்படுவது விற்பது. பெரியவர் முத்தியங்கணை விகாரைப் பக்கம் பெரஹெரா பார்க்கப் போனதோடு சரி, பாளி நூல் எதுவும் படித்தவர் இல்லை. ஆனாலும் கோட்டை அதே இடத்தில்தான் போட்டார். திருக்குறளோ புலால் மறுத்தல் அதிகாரத்தில் பழியைக் கொஞ்சம் நகர்த்தி, தின்பதற்காகக் கொல்லும் உலகம் இல்லையென்றால் விற்பவனும் இருக்கமாட்டான் என்கிறது. ஒருவர் விற்பவனைப் பிடிக்கிறார், இன்னொருவர் வாங்குபவனைப் பிடிக்கிறார். நடுவில் என் மருமகன் இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஏரேட்டர் சுற்றுகிறதா என்று பார்க்கிறான்.

யாவாரம் என்றால் பாவம் என்று வைத்துக்கொண்டாலும், எல்லா யாவாரத்தையும் இந்த நாடு ஒரே தராசில் நிறுத்ததில்லை. 1990இல், பிரேமதாச ஜனாதிபதியாக இருந்தபோது, உள்நாட்டு நன்னீர் மீன்வளர்ப்புக்குக் கொடுத்துவந்த ஆதரவை அரசு நிறுத்திக்கொண்டது. பௌத்த நாட்டு அரசே மீன் கொல்ல உதவலாமா என்ற குரலுக்குச் செவிசாய்த்த முடிவு அது. 1989இல் 40,000 தொன்னை நெருங்கியிருந்த நன்னீர் மீன் உற்பத்தி 1994இல் 12,000 தொன் அளவுக்கு இறங்கியது. ஆட்சி மாறிய பிறகே ஆதரவு திரும்பியது. மகியங்கனை சொரபொர வாவியிலும் அதைப்போன்ற நூற்றுக்கணக்கான குளங்களிலும் கிடைக்கிற திலாப்பியாதான் சம்பள நாளில் ஏழை வீட்டுச் சட்டிக்குள் வரக்கூடிய மீன். பாவக்கணக்கு எழுதியபோது பேனா அதன் மேல்தான் விழுந்தது. அதே வருடங்களில் சிலாபம், புத்தளம் கரையில் இறால் பண்ணைகள் கண்டல் காட்டை அழித்துக்கொண்டு மளமளவென்று பெருகின. அந்த இறால் டொலராக வந்தது. அதற்கு எந்தச் சூத்திரமும் குறுக்கே நிற்கவில்லை.

சிலாபத்தைப் பற்றிச் சொல்லும்போது முன்னேஸ்வரத்தைச் சொல்லாமல் விட முடியாது. அங்குள்ள பத்ரகாளி கோவிலில் ஆடு, கோழி பலி கொடுப்பது பழைய வழக்கம். 2011இல் எதிர்ப்புக் கிளம்பி, ஒரு அமைச்சரே ஆட்களோடு வந்து பிராணிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பிறகு அது நீதிமன்றம் வரை போயிற்று. கோவிலிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் இறால் குளங்கள். ஒரு ஏக்கர் குளத்தில் 40,000 குஞ்சு விடுவது சாதாரணம். அந்தக் குளங்களுக்கு முன்னால் யாரும் பதாகை பிடித்ததாக நான் கேள்விப்படவில்லை. காரணம் எளிது என்று நினைக்கிறேன். ஆட்டின் ரத்தம் சிவப்பு. இறாலின் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு. நிறமில்லாமல், காற்றுப் பட்டால் இலேசாக நீலம் பாரித்து இருக்கும். தரையில் கொட்டினால் தண்ணீர் என்றுதான் நினைப்போம்.

எண்ணிக்கையை வைத்தே தீர்ப்புச் சொல்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். திபெத்தில் பழைய காலத்தவர் மீனைத் தவிர்த்துக் காட்டெருமை இனத்து யாக்கைச் சாப்பிட்டதற்கு ஒரு காரணம், ஒரு யாக் பல மாதம் ஒரு குடும்பத்துக்கு வரும், போவது ஒரே உயிர் என்பது. அந்தக் கணக்கில் பார்த்தால் ஒரு லயமே கூடிச் சாப்பிடும் ஒரு ஆடு சின்னப் பாவம். கிலோவுக்கு முப்பதுக்கு மேல் நிற்கும் இறால் பெரும்பாவம். ஆனால் இந்த எண்ணுதலை நான் நம்புவதில்லை. எண்ணிக்கொண்டே போனால் வெலிமடை உருளைக்கிழங்கில் வந்து முட்டவேண்டியிருக்கும். எங்கள் அன்னதானத்தில் இறைச்சி, மீன் சேராது. கிழங்கு, கோவா, லீக்ஸ் எல்லாம் வெலிமடைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருவது. மூடை இறங்கும்போதே மருந்து வாடை அடிக்கும். அந்த மருந்தில் செத்த புழு பூச்சியை எண்ணினால் அம்மன் பிரசாதத்தையே தொடமுடியாது. மரக்கறி என்பதால் கை சுத்தம் என்று நினைக்கிற நம்முடைய சைவத்தனத்தில் பாதி, கண்ணுக்குத் தெரியாததை எண்ணாமல் விடுவதுதான்.

குளத்தை நேரில் பார்த்த பிறகுதான் வினை பற்றி நான் பிள்ளைகளுக்குப் படிப்பித்தது எவ்வளவு மெல்லியது என்று புரிந்தது. அவரவர் வினை அவரவருக்கு என்று கரும்பலகையில் எழுதுவது லேசு. முந்தலில் ஒருவன் குளத்துத் தண்ணீர்தான் மற்றவன் குளத்துத் தண்ணீர். சிலாபம், முந்தல், புத்தளம் களப்புகளை இணைக்கிற பழைய ஒல்லாந்தர் வாய்க்காலில்தான் பலரும் பம்ப் போட்டு இழுக்கிறார்கள். கழிவையும் அதிலேயே விடுகிறார்கள். 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது இந்த வாய்க்கால்தான் அதை வாசல் வாசலாகக் கொண்டுபோய்க் கொடுத்தது. ஓட்டில் வெள்ளைப் பொட்டு விழுந்த இறால் தீனியை விட்டுவிட்டுக் கரையோரம் ஒதுங்கும். மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் குளம் காலி. நோய் கண்டவன் விஷயத்தை வெளியில் சொல்லாமல் இரவோடு இரவாக மதகைத் திறந்துவிட்டால், அவன் செய்தது அடுத்தவன் குளத்தில் பலிக்கும். தாலி அடகு வைத்துத் தீனி வாங்கிய ஒருத்தி, யாரோ முகம் தெரியாதவன் திறந்த மதகுக்காக அழுவாள். அவளுடைய முன்வினை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இப்போது அங்கே பயிர் நாட்காட்டி என்று ஒன்று இருக்கிறது. பண்ணைச் சங்கங்களும், நக்டா என்று எல்லோரும் சொல்கிற அதிகார சபையும் சேர்ந்து, எந்த வலயத்துக்காரர் எந்த மாதம் குஞ்சு விடலாம் என்று வகுத்துக்கொடுப்பது. எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்க்காலை உறிஞ்சக் கூடாது, ஒருவர் கழிவை மற்றவர் குடிக்கக் கூடாது. முறை வரும்வரை வெறுங்குளத்தைக் காயவிட்டு, சுண்ணாம்பு போட்டுக் காத்திருக்க வேண்டும். என் மருமகன் அதை முணுமுணுத்துக்கொண்டே கடைப்பிடிக்கிறான். ஆடி மாதம் திரௌபதி அம்மன் தீமிதிக்கு அவன் பிடிக்கிற விரதத்தைவிட இது கடினமான விரதம் என்பது என் எண்ணம். அந்த விரதத்தை அம்மன் பார்க்கிறாள் என்ற பயம் இருக்கிறது. இதைப் பக்கத்துக் குளத்துக்காரன் மட்டும்தான் பார்க்கிறான்.

தமிழ்நாட்டில் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் இறால் பண்ணைகளுக்கு எதிராகப் போராடி, வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 டிசம்பர் 11இல் தீர்ப்பு வாங்கினார். அவர் காந்தியவாதி, அகிம்சையைச் சுவாசித்தவர். இருந்தும் வழக்கில் அவர் நிறுத்தியது உப்பேறிப்போன குடிதண்ணீரையும், பாழாய்ப்போன நெல் வயலையும், நிலமற்றவர்களின் பிழைப்பையும்தான். பாவம் என்ற சொல்லை உச்சரிக்காமலே அதை எங்கே தேட வேண்டும் என்று அவர் காட்டியதாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தீர்ப்பும் பழைய பாரம்பரிய முறை வளர்ப்பை விட்டுவைத்தது.

கமிட்டியில் நான் கடைசியாகச் சொன்னது அதிபத்த நாயனார் கதை. நாகப்பட்டினத்து நுளையர். நாள்தோறும் பிடிபடும் மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். பாடு குறைந்து ஒரே ஒரு மீன் கிடைத்த நாட்களிலும், வீடு பட்டினி கிடக்க, அதையும் விட்டார். கடைசியில் பொன்மீன் வந்தபோதும் விட்டார். அறுபத்துமூவரில் ஒருவரான அவர் கதையைப் பாடிய சேக்கிழார், வலையைத் தூக்கிப் போடும்படி அவருக்கு எந்த இடத்திலும் சொல்லவில்லை. மீன் பிடித்தவன் கைப்பொருள் சிவனுக்கு ஆகாது என்றால் திருத்தொண்டர் எண்ணிக்கை ஒன்று குறையும். பெரியவர் இதற்குத் தலையாட்டினார். ஆனால் முழுசாக இறங்கி வரவில்லை. முடிவில், காசை வாங்கிக்கொள்வது, அன்னதானத்தில் சேர்க்காமல் கோவிலுக்குப் பின்னால் மண் சரியாமல் கட்டுகிற சுவருக்குப் போடுவது என்று தீர்மானமாயிற்று. சோற்றில் ஒட்டுகிற பாவம் சீமெந்தில் ஒட்டாது போலும். பதுளை மாவட்டத்தில் மழைக்காலம் எப்படி என்று தெரிந்தவர்கள் இந்தத் தீர்மானத்தைக் குறை சொல்லமாட்டார்கள்.

ஊருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. அறுவடை நாளில் ஒருமுறை நான் அங்கே இருந்திருக்கிறேன். விடியுமுன் மதகில் வலைப்பையைக் கட்டித் தண்ணீரை இறக்குவார்கள். டோர்ச் அடித்தால் சேற்றோரம் முழுக்கச் செம்மஞ்சளாகக் கண்கள் மின்னும். வலையிலிருந்து ஐஸ் தண்ணீர்ப் பெட்டிக்குள் கொட்டியதும் படபடவென்று ஒரு துள்ளல், பிறகு அடங்கிவிடும். அதைப் பார்த்து எனக்குத் தூக்கம் கெடவில்லை. நாலு மாதம் தீனித்தட்டைத் தூக்கித் தூக்கி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துக் குடல்கோடு கறுப்பாக நிறைந்திருக்கிறதா என்று பார்த்தவன் கையால், வேகமாக வந்த சாவு. தூக்கம் கெட்டது மருமகன் பேச்சுவாக்கில் சொன்ன ஒன்றால்.

குஞ்சு ஹெச்சரியிலிருந்து வருகிறது. கடலில் பிடித்த தாய் இறாலைத் தொட்டியில் விட்டால் லேசில் சினைப்படாது. இறாலின் கண் ஒரு காம்பின் நுனியில் இருக்கிறது. அந்தக் காம்புக்குள் சினைப்பையை வளரவிடாமல் அடக்கி வைக்கிற சுரப்பு ஊறுகிறது. அதனால் ஒரு பக்கக் கண்ணைக் காம்போடு நசுக்கியோ, சூட்டுக்கோலால் கிள்ளியோ எடுத்துவிடுகிறார்கள். சில நாட்களில் முட்டை தயாராகிவிடும். உலகத்தில் பெரும்பாலான இடங்களில் இதுதான் நடைமுறை. "ஒரு கண்ணுதான் மாமா" என்றான் அவன், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவால் வகுக்கும்போது நண்டை நான்கறிவு உயிரில் வைத்தார். தொடு உணர்ச்சி, சுவை, மோப்பம், அதற்குமேல் பார்வை. நண்டுக்குப் பங்காளியான இறாலுக்கும் அதே வரிசைதான். எறும்புக்கும் அதற்கும் நடுவில் உள்ள ஒரே படி, கண். அந்தப் படியைத்தான் வெட்டுகிறார்கள். பிரித்தானியாவில் 2021இல் ஒரு ஆய்வுக் குழு நண்டு, இறால் இனத்துக்கு வேதனை தெரியும் என்பதற்குப் போதிய சான்று உண்டு என்று சொல்ல, 2022இல் உணர்வுள்ள விலங்குகளுக்கான சட்டத்தில் அவற்றையும் சேர்த்தார்கள். எனக்கு அந்தச் சட்டம் தேவைப்படவில்லை. கண்ணப்பர் தன் கண்ணைத் தோண்டி அப்பிய கதையைக் கேட்டு வகுப்பில் அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். கொல்வதற்கு அதிபத்தரைச் சாட்சிக்கு அழைக்கலாம். பிழைத்திருக்கிற ஒன்றின் கண்ணை நம் வசதிக்காக எடுப்பதற்கு அறுபத்துமூவரில் ஒருவரையும் அழைக்க முடியவில்லை.

மருமகனிடம் இதைச் சொன்னேன். பண்ணையை விடு என்று சொல்லவில்லை. அது அவன் பிழைப்பு, அதைப் பறிக்க எனக்கு உரிமையும் இல்லை. கண் எடுக்காமலே தாய் இறாலை நன்றாகத் தீனி கொடுத்துச் சினையாக்குகிற ஹெச்சரிகள் வெளிநாடுகளில் உண்டு. வனாமி என்கிற வெள்ளைக்கால் இனத்தில் அது கைகூடுகிறது, புலி இறாலில் கஷ்டம். இங்கேயும் வனாமி வந்துவிட்டது. விசாரித்துப் பார் என்றேன். ஒரு வாரம் கழித்துப் பேசினான். கேட்ட இடத்தில் சிரித்தார்களாம். இருந்தாலும் ஒருவர் முயற்சி பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

"அப்படிக் குஞ்சு வந்தா வெல கூடும் மாமா. அதுக்கு என்ன பண்றது?"

கூடுகிற காசை அடுத்த வருடத் திருவிழா நன்கொடையில் குறைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். கமிட்டிக்கு இன்னும் தெரியாது.