இருபத்தெட்டாம் நாளுக்கு அப்பால்

ஒரே நச்சுக்கொடியைப் பகிர்ந்து வளரும் இரட்டைக் கருக்களின் குருதிக் குழாய்கள், அதன் மேற்பரப்பில் ஒன்றோடொன்று இணைந்திருப்பது இயல்பு. அவ்விணைப்பு வழியே செல்லும் குருதி சமநிலை தவறுமாயின், ஒரு பிள்ளை கொடுப்பதாகவும் மற்றது கொள்வதாகவும் ஆகிவிடுகின்றன. இத்தகைய இரட்டையருள் நூற்றுக்கு 10 முதல் 15 வரையான இணைகளுக்கு இது நேர்கின்றது. கொடுக்கும் பிள்ளை குருதி குன்றி, பனிக்குடநீர் வற்றி ஒடுங்குகின்றது. கொள்ளும் பிள்ளையின் இதயமோ மிகுதியைத் தாங்காது தளர்கின்றது. ஈகையைப் போற்றிய நம் மரபினருக்கு இது விந்தையாகவே தோன்றும். கடுமையான நிலையில், சிகிச்சையின்றி விட்டால் பெரும்பாலும் இரண்டுமே மடிகின்றன.

1988 இல் அமெரிக்க மருத்துவர் ஜூலியன் டி லியா, தாயின் வயிற்றினூடாக நுண்கருவியொன்றைச் செலுத்தி அவ்விணைப்புகளை லேசர் கதிரால் அடைக்கும் முறையைத் தொடக்கினார். 2004 இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வொன்று, மிகுந்த நீரை வடித்தெடுக்கும் பழைய முறையினும் இதுவே சிறந்ததென நிறுவிற்று. 28 ஆம் நாளில் ஒரு பிள்ளையேனும் உயிரோடிருந்த இணைகள் லேசர் பிரிவில் நூற்றுக்கு 76, மற்றதில் 56.

இவ்வெண்களை நான் ஐயுறவில்லை. ஆயினும் ‘ஒரு பிள்ளையேனும்’ என்ற சொற்றொடரைக் கடந்து செல்ல என் மனம் இடந்தரவில்லை. மருத்துவனுக்கு அது ஒரு வெற்றி. தாய்க்கு ஒரு பிறப்பும் ஓர் இழப்பும். 28 ஆம் நாள் என்பதும் ஆய்வாளர் நாட்டிய எல்லைக்கல்லேயன்றிப் பிள்ளையின் வாழ்வில் உள்ள எல்லையன்று. தப்பிய பிள்ளைகளுட் பலர் குறைமாதத்திற் பிறக்கின்றனர். ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குப் பெருமூளை வாதமோ வளர்ச்சித் தாமதமோ பின்னர் வெளிப்படுகின்றது.

இதனை உணர்ந்த ஆய்வாளர் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடரலாயினர். அது நன்றே. ஆனால் அவ்வாய்வுகள் சிலவற்றில் வேறோர் இடர் நுழைந்துவிடுகின்றது. ‘இறப்பு அல்லது கடுங்குறைபாடு’ என்று இரண்டையும் ஒரே நிரலில் இட்டுக் கூட்டுகின்றனர். கணிதத்துக்கு அது வசதி. எனினும், கால் இழுத்து நடந்து, அண்டை வீட்டுப் பிள்ளைகளோடு சிரித்து விளையாடும் ஒரு குழந்தையை இறந்தோரின் பக்கத்தில் எண்ணுவதற்கு நமக்கு என்ன உரிமை உண்டு? முதற் கணக்கு மூச்சை மட்டும் எண்ணியது. இரண்டாவது, மூச்சிருந்தும் பிள்ளையைத் தோல்வியென எழுதியது.

ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ற் 1797 இல் வெளியிட்ட அறவியல் நூலில், பிள்ளையின் இசைவைக் கேளாமலே அதனை உலகுக்குக் கொணர்ந்தமையால், தன் நிலையில் அது நிறைவு கொள்ளும்படி செய்யப் பெற்றோர் கடமைப்பட்டவர் என வாதிட்டார். இசைவு கேளாமல் அப்பிள்ளையைக் கருவிலேயே காத்தவருக்கும் இவ்வாதம் பொருந்தும் என்பேன். காத்தது பிழையன்று; காத்தபின் விலகுவதே பிழை. அவ்வாறாயின் பின்தொடர்தல் சிகிச்சையின் வெற்றியை அளக்கும் கோலாக மட்டும் இருத்தல் ஆகாது. பிள்ளைக்கு வேண்டியதை அறியும் வழியாகவும் இருத்தல் வேண்டும்.

காங்கேசன்துறையில் ஒரு தாய்க்கு இந்நிலை நேர்ந்ததாகக் கொள்வோம். லேசர் சிகிச்சை தொலைவிலுள்ள பெருநகரொன்றிலே நிகழும். அது சிறிது நேரச் செயல். அடுத்து வரும் ஆண்டுகளோ ஊரிலே கழியும். வீடு தேடிவரும் குடும்பநல உத்தியோகத்தர், தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை, தாய் பத்திரமாக வைத்திருக்கும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு ஆகியனவே நெடுங்கடமையின் கருவிகள். சுகாதார வைத்திய அதிகாரி முறை இந்நாட்டில் 1926 இலேயே களுத்துறையில் தொடங்கிற்று. ஆகவே நாம் புதிதாக ஒன்றைக் கட்டவேண்டியதில்லை.

ஆனால் வீடு தேடி வருதற்கு வீடு இருக்க வேண்டுமே! 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு எழுந்தபோது, உறவினர் வீடுகளிலும் முகாம்களிலும் சிதறினர்; பலருக்கு அச்சிதறல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. இடம்பெயரும் பிள்ளையின் வரலாறு தாயின் கைப்பையில் உள்ள அளவே எஞ்சும்.

ஆதலின் கருவிலே பெற்ற சிகிச்சை இன்னதென்று அப்பதிவேட்டில் தாய்மொழியில், தெளிவாக எழுதப்பட வேண்டும். ஐந்து வயதில் அப்பிள்ளை எழுத்துக் கூட்டத் தடுமாறுமாயின், அதனை மந்தமென்று பின்வாங்கில் இருத்துமுன் ஆசிரியை அவ்வரியைக் கேட்டுப் படித்தல் வேண்டும்.