அயலான் யார்?

அன்பு என்னுஞ் சொல்லை ஐயத்தோடு நோக்கும் பழக்கம் முற்போக்குச் சிந்தனையாளரிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. அப்பழக்கம் காரணமின்றித் தோன்றியதன்று. கூலியைக் குறைத்துக்கொண்டே கோயிலுக்கு விளக்கேற்றும் முதலாளியும், குத்தகையை உயர்த்திக்கொண்டே நத்தார் நாளில் ஏழைகளுக்குத் துணி வழங்கும் காணிச் சொந்தக்காரனும் அன்பைப் பற்றித்தான் பேசுகின்றனர். கொடுப்பவன் மேலும் பெறுபவன் கீழுமாக இருக்கும்வரை, கைமாறும் பொருள் எதுவாயினும், இருவருடைய இடமும் மாறுவதில்லை. எனவே, எமக்கு அன்பு வேண்டாம், நீதியே வேண்டும் என்று கூறுவோரின் கோபத்தை நாம் விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

ஆயினும், கிறிஸ்தவம் தன் மையத்தில் வைத்துப் போற்றும் அன்பு இந்தத் தானதருமந்தானா என்ற வினா எஞ்சியே நிற்கின்றது. அதற்கு விடைகாண நாம் இறையியல் நூல்களைத் தேடவேண்டியதில்லை. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வவுனியாவும் அடங்கிய வன்னி மண்ணின் அண்மைக்கால வரலாறே போதுமானது.

முதலில், அனைவரும் அறிந்த கதையொன்றை மீண்டும் நினைவுகூர்வோம். தனக்கு அயலான் யார் என்று சட்டம் கற்ற ஒருவன் இயேசுவிடம் வினவுகின்றான். அதற்கு விடையாக அவர் ஒரு கதை சொல்கின்றார். எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குச் செல்லும் வழியிலே கள்வரால் அடியுண்டு ஒருவன் குற்றுயிராய்க் கிடக்கின்றான். ஆசாரியன் விலகிப் போகின்றான். லேவியனும் விலகிப் போகின்றான். யூதரால் இழிந்தவனென ஒதுக்கப்பட்ட சமாரியன் ஒருவனே நின்று காயங்கட்டுகின்றான். இக்கதையைப் பிரசங்கபீடங்களிற் கேட்கும் நாம், உதவி செய்யும் சமாரியனின் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்து மகிழ்கின்றோம். ஆனால் கதையைக் கேட்ட யூதனுக்கு அந்த வசதி இருக்கவில்லை. அவன் நிற்கவேண்டிய இடம் தெருவில் கிடந்தவனின் இடம். தான் தீண்டத் தயங்கும் ஒருவனுடைய கையினாலேயே தனக்கு உயிர் வரும் என்பதை அவன் ஏற்றாக வேண்டும். அன்பின் கடினமான பகுதி இதுவே. இரங்குதல் எளிது, மற்றவனை நமக்குச் சமமானவனாக, நமக்குத் தேவையானவனாக ஏற்றல் அரிது.

வன்னியில் இந்த வினா ஏட்டு வினாவாக என்றும் இருந்ததில்லை. அங்குள்ள மக்களிற் பெரும் பகுதியினர் வேறிடங்களிலிருந்து வந்தவர்கள். இரணைமடுக் குளத்தை நம்பிக் குடாநாட்டிலிருந்து வந்த காணியற்றோர் ஒருபுறம். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்டு, 1977ஆம் ஆண்டு வன்செயல்களின் பின் தோட்டங்களை விட்டு ஓடிவந்த மலையகத் தமிழர் மறுபுறம். அம்மக்களை வவுனியாவில் ஏற்றுக் குடியமர்த்தும் பணியைக் காந்தியம் என்னும் இயக்கம் மேற்கொண்டது. அதனை முன்னின்று நடத்தியவர்கள் மருத்துவர் இராஜசுந்தரமும், கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் ஆவர். பண்ணைகளும் பாலர் நிலையங்களுமே அவர்களுடைய கருவிகளாக இருந்தன. 1983 ஏப்ரலில் இருவரும் கைதுசெய்யப்பட்டனர். அவ்வாண்டு யூலை 27ஆம் நாள் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொலையுண்டார். உயிர்தப்பிய டேவிட் பல்லாண்டுகள் இந்தியாவில் வாழ்ந்து, திரும்பிவந்து, 2015இல் கிளிநொச்சியில் காலமானார். அகதிக்கு ஒரு சோற்றுப் பொதி கொடுத்ததற்காக எந்த அரசும் எவரையும் சிறையிலடைப்பதில்லை. அவனுக்கு நிற்க நிலம் தேடிக் கொடுத்தபோதே அன்பு ஆபத்தான பொருளாகியது.

இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 2009இன் முதல் ஐந்து மாதங்களில், வன்னி மக்கள் அனைவருமே எரிக்கோ வழியிற் கிடந்தவனின் நிலையை எய்தினர். உதவி நிறுவனங்களை வெளியேறுமாறு அரசு 2008 செப்டெம்பரிலேயே பணித்திருந்தது. போக இடமிருந்தும் போகாது மக்களோடு நின்றவர்களுட் கத்தோலிக்கக் குருமாரும் துறவியரும் சிலர் இருந்தனர். உருத்திரபுரம் பங்கின் குருவானவர் மரியாம்பிள்ளை சரத்ஜீவன் அவர்களுள் ஒருவர். மக்கள் பெயர்ந்த இடமெல்லாம் தாமும் பெயர்ந்த அவர், மே 18ஆம் நாள் போர்க்களத்தை விட்டு வெளியேறும் வேளையில் மாரடைப்பால் இறந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபரான முதிய குருவானவர் பிரான்சிஸ் யோசேப்பு, அதே நாளில், சரணடைந்த போராளிகளோடும் அவர்தம் குடும்பங்களோடும் வட்டுவாகலில் இராணுவத்தினரிடம் சென்றார். அதன் பின்னர் அவரைக் கண்டவர் எவருமிலர்.

இவர்கள் நின்றதனால் என்ன பயன் விளைந்தது என்று கேட்பது நேர்மையான கேள்வியே. எறிகணைகள் நின்றுவிடவில்லை, போரின் முடிவு மாறவில்லை. அப்படியாயின் இது வீணான தியாகந்தானா? நான் அவ்வாறு கருதவில்லை. ஒரு மக்கட் கூட்டத்தை அழிப்பதற்கு முன்னர், அது அழிந்தாலும் பாதகமில்லை என்ற கணிப்பு உலகின் மனத்தில் உருவாக வேண்டியிருக்கின்றது. வெளியேறக்கூடிய ஒருவன் வெளியேறாது நிற்கும்போது அந்தக் கணிப்பை மறுக்கின்றான். இம்மக்களின் உயிருக்கு என் உயிரின் விலையே விலை என்று தன் உடலாற் கூறுகின்றான். அவனைச் சூழ நின்றோரிற் பெரும்பாலோர் சைவர்கள் என்பதையும் நாம் மறத்தலாகாது. மதமாற்றத்திற்கான தூண்டில் எதுவும் அங்கே இருக்கவில்லை.

அன்றியும், உடனிருத்தல் என்பது வாய்மூடி இருத்தலன்று. வலைஞர்மடம் தேவாலயத்திலே தஞ்சம் புகுந்திருந்த இளைஞரையும் யுவதிகளையும் விடுதலைப் புலிகள் பலவந்தமாகப் பிடித்துச் சென்றபோது அங்கிருந்த குருமார் அதனைத் தடுக்க முயன்றனர். ஏப்ரலில் அதே தேவாலய வளவினுள் எறிகணைகள் வீழ்ந்தன. குருவானவர் ஒருவர் தமது காலை இழந்தார். இரு துப்பாக்கிகளுக்கும் நடுவே நிற்பவனுக்கு எந்தப் பக்கத்திலும் கைதட்டல் கிடைப்பதில்லை. மக்களை நேசிப்பதற்கும் மக்களின் பெயராற் பேசும் அதிகாரத்தை நேசிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அத்தேவாலயம் நமக்குக் காட்டிநின்றது.

போர் முடிந்தபின் அன்பின் வடிவம் மாறியது. 2011 சனவரியில், அரசு நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு தோன்றினார். முல்லைத்தீவு, கிளிநொச்சிக் கச்சேரிகளின் பதிவின்படி 2008 ஒக்டோபர்த் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். 2009 யூலை வரையில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துசேர்ந்தவர்கள் 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேருக்கும் நேர்ந்தது யாது என்று அவர் வினவினார். அவர்கள் அனைவரும் இறந்துவிட்டனர் என்று அவர் சாதிக்கவில்லை, கணக்குத்தான் கேட்டார். 2021 ஏப்ரல் 1ஆம் நாள் அவர் மறைந்தபோதும் அந்தக் கேள்விக்கு முறையான விடை கிடைத்திருக்கவில்லை. நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போனாலும் தேடிச் செல்லும் மேய்ப்பனின் உவமையைப் பாடசாலைப் பிள்ளையும் அறியும். அவ்வுவமையை அரசியலின் மொழியிற் பெயர்த்தால் அது இக்கூட்டற் கழித்தற் கணக்காகவே அமையும். நீதி வேண்டும் என்போருக்கும் அன்பு வேண்டும் என்போருக்கும் இடையே இருந்த வழக்கு இங்கே தீர்ந்துவிடுகின்றது. எவரையும் கணக்கிலிருந்து விழவிடாத அன்பு, நீதி கேட்டே தீரும்.

இதுவரை கூறியவை தமிழ்க் கிறிஸ்தவர் பெருமை கொள்ளத் தக்கவை. இனிக் கூறுபவை அத்தகையன அல்ல.

ஆபத்து வேளையில் ஒரே பதுங்குகுழியிற் கிடந்தவர்கள், அமைதி திரும்பியதும் வேலியை முதலிற் கட்டுகின்றனர். மலையகத்திலிருந்து வந்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் போரின் முழுச் சுமையையும் சுமந்தனர். இருந்தும், தாம் குடியிருக்கும் காணிக்கு உறுதிப் பத்திரமில்லாத குடும்பங்கள் கிளிநொச்சியில் அவர்களிடையே பல உள. அவர்களை இழித்துரைக்கும் சொற்களும் நம் வாயிலிருந்து இன்னும் மறையவில்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள், 70,000க்கு மேற்பட்டோர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். திரும்பிவந்து காணி கேட்ட அவர்களை அந்நியராகப் பார்த்த கண்கள் தமிழ்க் கண்களே. நாம் அடிபட்டவர்கள் என்பது உண்மை. அடிபட்டவன் வேறொருவனை வழியில் விட்டு விலகிப் போகவும் கூடும் என்பதும் உண்மை.

கோயிலுக்குள்ளும் இந்நோய் புகாமலில்லை. தமிழ்நாட்டின் வடக்கன்குளத்தில் ஒரே தேவாலயத்தைச் சாதிப்படி இரண்டாகப் பிரித்து நடுவே சுவரெழுப்பியிருந்தனர். 1910இலே அச்சுவர் இடிக்கப்பட்டது. ஒரே பீடத்தை நோக்கி முழந்தாளிட்டவர்கள் ஒருவரையொருவர் காணாதிருக்க விரும்பினர்! கல்லாற் கட்டிய சுவரை ஒரு நாளில் இடிக்கலாம். கலியாணப் பேச்சிலும் காணிப் பங்கீட்டிலும் கட்டப்படும் சுவர்களை இடிப்பதே அரிது.

ஊவா மாகாணத்துப் புத்தளையில் பௌத்த விவசாயிகளிடையே குடிசையொன்றில் வாழ்ந்த சிங்களக் குருவானவர் மைக்கல் றொட்றிகோவை இங்கு நினைத்தல் தகும். அவ்விவசாயிகளைக் கிறிஸ்தவராக்க அவர் முயலவில்லை. அவர்களிடம் கற்றார், அவர்களுடைய நிலத்திற்காகக் குரல் கொடுத்தார். 1987 நவம்பர் 10ஆம் நாள் திருப்பலி வேளையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். மற்றவனை அவனாகவே ஏற்பது என்றால் என்னவென்பதற்கு அவர் வாழ்வு ஒரு விளக்கவுரை. வன்னியின் குருமாரும் புத்தளையின் அந்தக் குருவும் வெவ்வேறு மொழி பேசினர். ஆயினும் அவர்கள் நின்ற இடம் ஒன்றே.

முற்போக்காளராகிய நமக்கும் இதிலொரு பாடமுண்டு. அமைப்பை மாற்றாத அன்பு பிச்சையாக முடியும் என்று நாம் சரியாகவே கூறிவந்தோம். அன்பில்லாத அமைப்பு மாற்றம் மனிதரை எண்ணிக்கையாக முடிக்கும் என்பதை நாம் அதே உரப்போடு கூறினோமா? மக்கள் விடுதலையின் பெயரால் மக்களின் பிள்ளைகள் பறிக்கப்பட்டபோது நம்மில் எத்தனை பேர் பேசினோம்? இக்கேள்வியைக் கிறிஸ்தவரிடம் மட்டும் கேட்டுவிட்டு நாம் தப்பிவிட முடியாது.

ஆண்டுதோறும் மே மாதத்தில் முள்ளிவாய்க்காற் கஞ்சி காய்ச்சப்படுகின்றது. அரிசியும் உப்பும் தண்ணீருமான அக்கஞ்சி, அந்த இறுதி நாட்களில் வரிசையில் நின்றோரின் உயிரைத் தாங்கிய உணவின் நினைவாகும். அந்த வரிசையில் யாருடைய ஊரையும் சாதியையும் சமயத்தையும் கேட்டுக் கஞ்சி வார்த்திருந்தால் அதனை நாம் பாவமென்போம். மே மாதத்தில் ஒரே பானையிற் பருகும் நாம், யூன் மாதத்தில் ஒரே கிணற்றில் அள்ளச் சம்மதிப்போமா? மலையகத்தான் காணி உறுதி கேட்டுக் கச்சேரி வாசலில் நிற்கும்போது அவனுக்காகச் சாட்சி சொல்லப் போவோமா? திரும்பிவந்த முஸ்லிமின் வேலிக்கு நம் கையால் ஒரு கதியாற் கம்பு நாட்டுவோமா? அயலான் யார் என்ற பழைய வினாவுக்கு வன்னி கேட்டு நிற்கும் விடை இவ்வளவே.